ஒரு கலைஞரின் பெட்டிகள் இணையத்துக்குப் போகும் வழி

என் பெரியப்பா நாடகங்களுக்குப் பின்னணித் திரைச்சீலை வரைந்தவர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கோயில் திருவிழாவுக்குப் பதாகை, நேரம் கிடைத்தால் தனக்காக நீர்வண்ணத்தில் சிங்கப்பூர் ஆறும் படகுகளும். பெரிய பெயர் ஒன்றும் இல்லை, எந்த அருங்காட்சியகத்திலும் அவர் படம் தொங்கவில்லை. அவர் காலமான பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பாதுகாப்பறையைத் திறந்தால் பதினொரு பெட்டிகள், இரண்டு பிஸ்கட் டின், பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கட்டு ஓவியம். "யாருப்பா இதையெல்லாம் பாக்கப் போறா?" என்று பெரியம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. ஒரு ஸ்கேனர் வாங்கி நான்கு வார இறுதிகள் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று நானும் என் தங்கையும் நினைத்தோம்.

முதல் ஞாயிறே நாற்பது புகைப்படங்கள் முடித்தோம். மறுவாரம் அதில் ஒன்றைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பென்சிலில் "மூன்றாம் காட்சி. அரசன் வரவில்லை, பதிலுக்குத் தம்பி" என்று எழுதியிருந்தது. மற்றவற்றையும் திருப்பினோம். பாதிக்கு மேல் ஏதாவது ஒன்று இருந்தது: ஒரு கணக்கு, ஒரு சாயத்தின் அளவு, ஒரு பாதிப் பெயர். நாங்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தோம். நாற்பதையும் மறுபடி எடுத்தோம்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் இந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்கவும் தெரிந்தவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். மின்னிலக்கமாக்குவது (டிஜிட்டல் வடிவுக்கு மாற்றுவது) என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் படம் பிடிப்பது, பெயரிட்டு விவரம் எழுதுவது, உரிமை கேட்பது, கோப்புகளைக் கெடாமல் காப்பது என்று நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. படம் பிடிப்பதுதான் அவற்றில் சின்னது. இது என்ன, இவர் யார், எந்த ஆண்டு என்று தமிழில் எழுதி வைப்பதுதான் பெரியது, அதுவும் நினைவு வைத்திருப்பவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது.

ஓவியங்கள் போதாதா, காகிதங்கள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நம் ஊரிலேயே இரண்டு கலைஞர்களைப் பாருங்கள். ஓவியர் ஜார்ஜெட் சென் 1993இல் மறைந்தார். அவருடைய கடிதங்களும் புகைப்படங்களும் தேசியக் கலைக்கூடத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. ஓவியத்தில் பழங்களும் முகங்களும் தெரியும். போர்க்காலமும், ஊர் ஊராகப் போன வாழ்க்கையும், ஒரு படத்தை முடிக்கப் பட்ட பாடும் கடிதத்தில்தான் தெரியும். இன்னொருவர் லீ வென். உடம்பு முழுக்க மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு 'மஞ்சள் மனிதன்' என்ற நிகழ்த்துகலை வரிசையைச் செய்தவர், 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர், 2019இல் மறைந்தார். நிகழ்த்துகலையில் கூட்டம் கலைந்த பிறகு சுவரில் மாட்ட ஒன்றும் மிஞ்சாது. புகைப்படம், ஒளிப்பதிவு, குறிப்பேடு, கோட்டோவியம், அவ்வளவுதான் மிச்சம். இங்கே 1994 முதல் ஏறக்குறைய 10 ஆண்டுகள் அந்தக் கலைக்கு அரசு நிதி நிறுத்தப்பட்டிருந்தது, ஆகவே அந்தக் காலத்தில் நடந்ததற்கெல்லாம் தனியார் கையில் இருந்த படங்களும் நாடாக்களும்தான் பெரும்பாலும் சாட்சி. அவருடைய சேகரத்தை ஹாங்காங்கின் ஏஷியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற கலைக் காப்பகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தற்காலக் கலை நிலையமும் சேர்ந்து மின்னிலக்கமாக்கி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களில் நடனமும் நாடகமும் இதே நிலைதான். 1952இல் தொடங்கிய பாஸ்கர் கலைக்கழகத்தில் சாந்தா பாஸ்கர் அமைத்த நாட்டிய நாடகங்களை 2022இல் அவர் மறைந்த பிறகு யாரும் புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ள முடியாது. ஜதி எழுதிய நோட்டு, நிகழ்ச்சி நிரல், ஆடை அளவு எழுதிய துண்டுச்சீட்டு இவைதான் அடுத்தவர் பிடித்துக்கொள்ளும் கயிறு. நாடகத்தில் திரை எழுதுபவர் நிலை இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு நாடகத்தின் திரைமேலேயே அடுத்த நாடகத்தின் காட்டை எழுதிவிடுவார்கள். துணி விலை அப்படி.

இந்தத் துறையில் நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2015இல், அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தன்னார்வலர் குழு தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து 1965க்குப் பிந்தைய 50 ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள். பிறகு நாடகம், நடனம், இசை என்று அதே வழியில் தொகுப்புகள் வந்தன. இன்னும் பின்னால் போனால் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் நோட்டீஸ்களும்தான் 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. பெயர்ப்பலகை எழுதியவர் என்று படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது, அன்று இரவு தூங்க நேரமானது.

சரி, படம் பிடிப்பது. கடிதம், துண்டறிக்கை போன்றவற்றுக்கு அங்குலத்துக்கு 300 முதல் 600 புள்ளி வரை எடுப்பது வழக்கம். ஒரு ஏ4 தாளை 400 புள்ளியில் முழு வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 46 மெகாபைட் வரும். இரண்டாயிரம் பக்கம் என்றால் 92 கிகாபைட், மூன்று படி வைத்தால் அதுவே 280 கிகாபைட்டை நெருங்கும். அதனால்தான் மூலக்கோப்பு தனி, இணையத்தில் காட்டும், சுருக்கிய சின்ன ஜேபெக் கோப்பு தனி. முதலிலேயே ஜேபெக்காக எடுத்துவிட்டு மூலத் தாள்தான் கையில் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தாள் எத்தனை வருஷம் இருக்கும் என்று நம்மூர் ஈரக்காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

ஓவியத்துக்கு வீட்டு ஸ்கேனர் சரிப்படாது. எண்ணெய் வண்ணத்தின் மேடுபள்ளத்தில் விளக்கு பட்டு வெள்ளையாய்ப் பளிச்சென்று அடிக்கும். கேமராவைப் படத்துக்கு நேராக வைத்து, இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில் சாய்த்து எடுப்பார்கள். பக்கத்திலேயே 24 கட்டங்கள் கொண்ட ஒரு வண்ண அட்டையும் இருக்கும், ஏனென்றால் அந்த அட்டையின் சிவப்பு எது என்று எல்லாருக்கும் தெரியும், அதை வைத்துத் திரையில் தெரியும் சிவப்பைச் சரிசெய்துகொள்ளலாம். அட்டை இல்லாமல் எடுத்த படத்தில் பெரியப்பாவின் ஆற்று நீர் ஒரு கணினியில் பச்சையாகவும் இன்னொன்றில் சாம்பலாகவும் தெரிந்தது. ஓவியத்தின் பின்பக்கம், சட்டத்தில் ஒட்டிய சீட்டு, கடைக்காரர் அடித்த முத்திரை, இவற்றையும் எடுத்துவிட வேண்டும். விற்பனைச் சரித்திரம் முழுவதும் அங்கேதான் இருக்கும்.

இன்னொரு விஷயம், பெட்டியைத் திறந்ததும் அழகாக அடுக்கிவிடாதீர்கள். ஆண்டுவாரியாக, வகைவாரியாகப் பிரிக்கத்தான் கை போகும், எனக்கும் போனது. கடிதத்தோடு சேர்ந்திருந்த ரசீதைப் பிரித்துவிட்டால் இரண்டும் ஊமையாகிவிடும் என்பதால், காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் கலைஞர் வைத்திருந்த வரிசையைக் கூடுமானவரை கலைக்க மாட்டார்கள். எந்தப் பெட்டி, எந்த உறை, எத்தனையாவது தாள் என்று முதலில் எண்ணிட்டுக்கொள்வார்கள், அந்த எண்ணே கோப்பின் பெயராகும். 'பெரியப்பா படம் கடைசி புதியது 2' என்று பெயர் வைத்த கோப்பு அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் சொல்லாது.

நாடாக்கள்தான் அவசரம். ஒலிநாடாவும் ஒளிநாடாவும் பூஞ்சை பிடிப்பது ஒரு பக்கம், அவற்றை ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துபோனது இன்னொரு பக்கம். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இலேயே '2025தான் கெடு' என்று எச்சரித்தது, அந்தக் கெடு வந்தே விட்டது. நாடாவில் குறுக்குவழியும் கிடையாது. ஒரு மணி நேர நாடாவை எடுக்க ஒரு மணி நேரம் ஓட விட்டே ஆக வேண்டும், நல்ல தரத்தில் ஒலிக்கு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 2 கிகாபைட் ஆகும். ஆகவே பெட்டியில் காகிதமும் நாடாவும் சேர்ந்திருந்தால் நாடாவிலிருந்து ஆரம்பியுங்கள். நிழலில் காற்றோட்டமாக வைத்த காகிதம் காத்திருக்கும். புகைப்படச் சுருளைத் திறக்கும்போது காடி வாசனை அடித்தால் அந்தச் சுருள் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள், அதையும் முன்னால் நகர்த்துங்கள்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். தொண்ணூறுகளில் கணினியில் எழுதிய கலைஞர்களின் நெகிழ்வட்டுகளை (ஃபிளாப்பி) திறந்தால் கோப்பு இருக்கும், எழுத்து இருக்காது. அன்றைக்கு ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாடகம் முழுவதும் கொம்பும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகளாய்க் கொட்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் முதல் வரிசையில் நின்றவர் நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் இங்கே நடந்த, கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு அவர் முயற்சியில் நடந்தது, 1999இல் அவர் மறைந்துவிட்டார். பின்னால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு வந்து வழி சீரானது. பழைய முறைகளை மாற்றித் தரும் செயலிகள் இன்றும் கிடைக்கின்றன, ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். நெகிழ்வட்டின் மேலே ஒட்டிய சீட்டில் அது எழுதியிருக்கலாம், ஆகவே அதைக் கிழித்துவிடாதீர்கள்.

அச்சிட்ட தாள்களில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பழைய தாள்களில் தடுமாறும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நின்ற வடிவம், 'ணா', 'றா', 'னா' சுழித்த வடிவம். பொறி அதை வேறு எழுத்தாகப் படித்துவிடும், பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மனிதர் உட்கார்ந்து படித்துத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். இணையத்தில் இருக்கும், தேடினால் வராது என்ற நிலை வந்தால் அது பாதுகாப்பறையில் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

பெயர் இன்னும் பெரிய சிக்கல். சோலைமலை நமசிவாயம் என்று ஓர் ஓவியர், 1926இல் பிறந்து 2013இல் மறைந்தவர், மனித உடலை நேரில் பார்த்து வரைவதில் இங்கே முன்னோடி. அவருக்கு முதலெழுத்து ஆங்கிலத்தில் 'எஸ்', தமிழில் 'சோ'. வெளிநாட்டு அட்டவணைகள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்துப் பதிவு செய்யும். நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தகப்பன் பெயர்தான். அடையாள அட்டையில் இன்னார் மகன் இன்னார் என்று ஒரு முறை, ஓவியத்தின் மூலையில் தமிழில் இரண்டெழுத்து, பத்திரிகையில் இன்னொரு முறை. ஒரே மனிதர் நான்கு பேராகப் பிரிந்து கிடப்பார். இதற்கு மாற்று, எல்லா வடிவங்களையும் ஒரே பதிவின் கீழ் எழுதி வைப்பதுதான்: தமிழ் எழுத்தில் முழுப் பெயர், புனைபெயர், மேடைப் பெயர், ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினார்களோ அத்தனையும். அலுப்பான வேலைதான். ஆனாலும் என் அனுபவத்தில் இந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது.

தேதி இல்லாத காகிதத்துக்குத் தேதி கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி ஆசை வந்துவிட்டது. உறையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1995 செப்டம்பருக்குப் பின். வீட்டுத் தொலைபேசி எண் எட்டு இலக்கத்தில் 6 என்று தொடங்கினால் 2002க்குப் பின். படத்தின் பின்னணியில் ஐந்து கூர்முனைகள் கொண்ட முகப்பு தெரிந்தால் அது ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் இருந்த தேசியக் கலையரங்கம், 1963இல் திறந்து 1986இல் இடித்துவிட்டார்கள், ஆகவே படம் அதற்கிடையில்தான். நாடகத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் பழைய தமிழ் முரசு இருக்கிறது, பொறுமையாகப் புரட்டினால் விளம்பரம் கிடைக்கும், அதில் நாள், நேரம், டிக்கெட் விலை வரை இருக்கும். நாங்கள் அப்படிப் பதினான்கு படங்களுக்கு நாள் குறித்தோம். உறுதியாகத் தெரியாததை 'ஏறக்குறைய 1970' என்று எழுதுங்கள், எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பின்னால் வருபவர் திருத்த வசதியாக இருக்கும்.

இனி உரிமை. பெட்டி நம் வீட்டில் இருப்பதால் எல்லாம் நம்முடையது என்று நினைக்கிறோம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தாள் வேறு, அதில் உள்ள படைப்பின் பதிப்புரிமை வேறு. பெரியப்பாவுக்கு நண்பர் எழுதிய கடிதம் தாளாக எங்களுடையது, ஆனால் அதன் வாசகத்துக்கு உரிமை எழுதிய நண்பருக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும். அதை இணையத்தில் ஏற்ற அவர்களைத்தான் கேட்க வேண்டும். அதேபோல ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு ஓவியம்தான் சொந்தம், எழுத்து மூலம் மாற்றித் தராத வரை பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். சிங்கப்பூரில் ஓவியருடைய ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும், அதாவது 2013இல் மறைந்தவரின் படைப்புகளுக்கு 2083 முடியும் வரை. வெளியிடாத கடிதம், நாட்குறிப்பு போன்றவற்றுக்கு முன்பு காலவரம்பே இல்லாமல் இருந்தது, 2021ஆம் ஆண்டின் புதிய பதிப்புரிமைச் சட்டத்தால் 2023 ஜனவரி 1 முதல் அந்த நிலை மாறியது. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த 2021 நவம்பர் 21க்கு முன், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. அதற்குப் பிறகு எடுத்தவருக்கு. ஒரே பெட்டியில் இரண்டு வகையும் இருக்கும்.

நூலகங்களும் காப்பகங்களும் பாதுகாப்புக்காகப் படியெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எல்லாரும் பார்க்க இணையத்தில் திறந்து வைப்பது வேறு கதை. ஒரு தொகுப்பில் பாதியை இணையத்தில் பார்க்கலாம், மீதியை நூலகக் கட்டடத்துக்குப் போனால்தான் பார்க்கலாம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், அலட்சியம் என்று கோபப்பட வேண்டியதில்லை. கலைஞர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது எவ்வளவு சுலபம்! எதை எல்லாருக்கும் காட்டலாம், எதை இத்தனை ஆண்டு பூட்டி வைக்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். போன பிறகு நான்கு நாடுகளில் இருக்கும் வாரிசுகளைத் தேட வேண்டியிருக்கும்.

சட்டத்தில் வராத ஒரு கேள்வியும் உண்டு. பெரியப்பா பெட்டியில் மருத்துவமனைக் காகிதங்கள் இருந்தன, கடன் கேட்டு ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது, அடையாள அட்டை எண் எழுதிய படிவங்கள் இருந்தன. கடன் கேட்டவரின் பிள்ளைகள் நம்மூரிலேயே எங்கோ இருப்பார்கள். அவற்றை எடுத்து வைத்தோம், ஏற்றவில்லை. கலையைப் புரிந்துகொள்ள உதவாத, இன்னொருவரைக் குனிய வைக்கும் காகிதம் இணையத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். அழிக்கவும் இல்லை.

எங்கே கொடுப்பது? நூல், கையெழுத்துப் பிரதி, நிகழ்ச்சி நிரல் என்றால் தேசிய நூலக வாரியம். ஓவியரின் காகிதங்கள் என்றால் தேசியக் கலைக்கூடத்தின் காப்பகம். நம் சமூக வாழ்க்கையைக் காட்டும் பொருள்கள் என்றால் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் குரல்களைப் பதிந்துவருகிறது, தமிழிலும் பேட்டிகள் உண்டு. எல்லாவற்றையும் எல்லாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இடமும் ஆளும் அளவுதான். விவரப் பட்டியலோடு போகிற பெட்டிக்கும் சும்மா கயிறு கட்டிப் போகிற பெட்டிக்கும் கிடைக்கும் வரவேற்பில் நிறைய வித்தியாசம் இருக்கும். குடும்பமே தளம் நடத்தலாமே என்றால், நடத்தலாம், ஆனால் ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது என்று இன்றே பேசிவிடுங்கள். 2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கத் தளம் மூடியபோது எத்தனையோ பேர் கையால் கட்டிய பக்கங்கள் போயின. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறொரு வீட்டில், ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பது, இதுதான் குடும்ப அளவில் முடிகிற பாதுகாப்பு.

எங்கள் பெட்டிகளில் நான்கு முடிந்திருக்கின்றன, ஏழு பாக்கி. இப்போது ஞாயிறுதோறும் படங்களைப் பெரியம்மா முன் விரித்து, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓட விட்டுக் கேட்கிறோம். பென்சில் எழுத்துள்ள அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். 'தம்பி' என்றது பெரியம்மாவின் சொந்தத் தம்பிதானாம், அப்போது பதினேழு வயது, வசனம் ஒன்றும் தெரியாமல் கிரீடத்தோடு மூன்றாம் காட்சி முழுக்க நின்றிருக்கிறார். "அப்ப அரசன் ஏன் வரல பெரியம்மா?" என்று தங்கை கேட்டாள்.

"அவருக்கு அன்னிக்கு ஹார்பர்ல நைட் ஷிஃப்ட். சூப்பர்வைசர் விடல. மறுநாள் வீட்டுக்கு வந்து ஒங்க பெரியப்பாகிட்ட அழுதாரு."

பெட்டி 2, உறை 5, படம் 17. விவரக்குறிப்பில் அதை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம்.